எந்தப் பட்டியலிலும் இல்லாத அருமைக்காரர்

தொண்டாமுத்தூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பெருந்துறை மச்சான் சென்னியப்பன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் தம்பிதுரை பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை செல்லாத்தாளும் கல்யாணப் பெண் லோகப்பிரியாவும் சுகம். தென்னையில் நாலை மட்டும் போன வாரம் யானை சாய்த்துவிட்டது. அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

மச்சான், ஒரு தப்பு செய்துவிட்டேன். போனில் சொல்லத் தைரியமில்லாமல்தான் கடிதம். முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் அரசியலமைப்புச் சட்டம் நடத்திய திமிரில், கல்யாணத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்று மூன்று பட்டியல் எழுதி, ஆர்.எஸ்.புரம் சம்பந்தி கதிர்வேலிடம் கையெழுத்தும் வாங்கினேன். மாப்பிள்ளை வீடு மத்திய அரசு, நாம் மாநிலம், மூன்றாவது பொதுப் பட்டியல். பந்தி நம்மிடம்தான் இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று ரசம் கொஞ்சம் நீர்த்துப்போகவும், பந்தி பொதுவில் இருக்கட்டுமே என்றார் சம்பந்தி. நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். கல்வியும் காடும் 1976இல் இப்படித்தான் மாநிலத்தை விட்டுப் பொதுப் பட்டியலுக்குப் போயின என்று பிள்ளைகளுக்கு நடத்தியவன் நானேதான். பொதுவில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் மத்திய அரசின் சொல்தான் நிற்கும். நின்றது. கொள்ளு ரசம் போய் சூப் வந்துவிட்டது. பிறகு பூ, பந்தலுக்கெல்லாம் ஜிஎஸ்டிக்கு இருப்பதுபோல ஒரு கவுன்சில் வைத்தார். அதில் அவர் சம்மதிக்காமல் ஒரு முழம் மல்லிகைகூட நிறைவேறாது. கடைசியில் நம் சமையல் குழுவையே கலைக்கப் பார்த்தார். லோகப்பிரியா குறுக்கே வந்து காரணம் கேட்டதும் விட்டுவிட்டார். உச்ச நீதிமன்றத்தின் 1994 தீர்ப்புக்குப் பிறகு மாநில ஆட்சியை நினைத்தபடி கலைக்க முடியாதல்லவா, அந்த மாதிரி.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கினேன். ஆனால் பட்டியலின் கடைசியில், எதிலும் எழுதாத விஷயமெல்லாம் மாப்பிள்ளை வீட்டைச் சேரும் என்று ஒரு வரி போட்டிருந்தேன். நம் சட்டத்திலும் மிச்ச அதிகாரம் மத்திய அரசுக்குத்தானே என்று அப்படியே இறக்கிவிட்டேன். தாலி கட்டுவதை முன்னின்று நடத்தும் அருமைக்காரரை எழுத மறந்துபோனேன். அது உங்களைத் தவிர வேறொருவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவள் கல்யாணத்தை நானே நடத்திவைப்பேன் என்று லோகப்பிரியாவின் காதுகுத்தன்று சபையில் நீங்கள் சொன்ன வாக்கு அல்லவா அது.

சம்பந்தி நேற்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஏனுங்க வாத்தியாரே, அருமைக்காரரு எந்தப் பட்டியல்லயும் காணமுங்க. நாங்களே ஏற்பாடு பண்ணிப்போடறமுங்க."

அதிலிருந்து செல்லாத்தாள் என்னோடு பேசியது ஒரே வாக்கியம்.

"எங்கண்ணன் மூஞ்சில எப்படீங்க முழிக்கறது?"

எனக்கும் மனசு ஆறவில்லை மச்சான். கோபித்துக்கொள்ளாமல் வந்து முன்வரிசையிலாவது உட்கார வேண்டும். அக்காவுக்கு எங்கள் வணக்கமும் பேரன் யஷ்வந்துக்கு ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தம்பிதுரை

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படிக்கவும். உறை ஒட்டும் நேரத்தில் சம்பந்தி கூப்பிட்டார். விசாரித்த இடமெல்லாம் ஒரே ஆளைத்தான் சொன்னார்களாம், பெருந்துறை சென்னியப்பன். நீங்களும் சற்றுமுன் சரி என்றுவிட்டீர்களாம். ஆக, நம் ஆளான நீங்கள் மத்திய அரசு நியமித்த ஆளுநராக வருகிறீர்கள். வாருங்கள், சந்தோஷம். ஆனால் நாங்கள் அனுப்புவதை மசோதா மாதிரிக் கிடப்பில் போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள் மச்சான், முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு.