காப்பி அக்காவுக்குக் கேட்ட சத்தம்

இந்த மலாய்த் தீவின் ஜார்ஜ்டவுனில் காப்பி அக்காவைப் போல என்னை அவமானப்படுத்தியவர் வேறு யாரும் இல்லை. அவமானத்தைக்கூட மன்னித்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் நியாயம் அவர் பக்கமே இருந்ததே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். சரக்குப் பத்திரங்கள் தயாரிப்பது வேலை. அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யாரைப் பார்த்தாலும் "காப்பி எடுத்தாச்சா?" என்று, கணினியில் உள்ளதற்கு நகல் எடுத்தாயிற்றா என்ற அர்த்தத்தில், கேட்பதால் காப்பி அக்கா ஆகிவிட்டார். பெயரைக் கேட்டு ஏமாந்த புது லாரி டிரைவர் ஒருவர், "அக்கா, ஒரு கோப்பி ஓ, சீனி கம்மி" என்று பால் இல்லாத காப்பி கேட்டார். டிரைவரின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "புள்ளைங்க போட்டோ நாலாயிரம் இருக்கு, ஒண்ணுகூட வேற எடத்துல இல்ல. நீயெல்லாம் ஒரு அப்பனா லா?" என்றார் அக்கா. அந்த டிரைவர் பிறகு வாசலோடு பத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்.

அக்கா முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துப்போய், மூன்று மாதப் பத்திரங்களைக் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப அடித்தாராம். "எல்லாரும் தீபாவளிக்கு லீவுல போயிட்டாங்க. நான் ஒரு கையில முறுக்கு, ஒரு கையில கீபோர்டு" என்பார். அந்தக் கோபம் அவருக்கு ஆறவே இல்லை. அதை எங்கள் மேல் தீர்த்துக்கொண்டார்.

தினமும் காலையில் ஏர்கோனை அணைத்துவிடுவார். பத்து நிமிடம் நாங்கள் வியர்வையில் ஊறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து கணினியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கூட நோயாளிக்கு அவ்வளவு நேரம் கொடுத்திருக்க மாட்டார். "இது நல்லா இருக்கு. இது கொஞ்சம் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே போவார். அவரை யாரும் இந்த வேலைக்கு நியமிக்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

என் கணினி முதலில் மெதுவானது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்று கையும் கழுவிவிடலாம். நான் இணையத்தைத் திட்டினேன். பிறகு சில கோப்புகளின் பெயர்கள் கட்டம் கட்டமாக மாறின. நான் விண்டோஸைத் திட்டினேன். ஒரு திங்கட்கிழமை, உள்ளேயிருந்து டக், டக் என்று யாரோ நகம் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. எனக்குக் கேட்கவில்லை. நான்கு மேசை தள்ளியிருந்த காப்பி அக்காவுக்குக் கேட்டது.

"தம்பி, எழுந்திரு."

"வேலை இருக்குக்கா."

"அதுல இனிமே புதுசா எதையும் சேவ் பண்ணாத. திருப்பித் திருப்பி ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத. இருக்கறத இப்பவே காப்பி எடுத்துடுவோம்."

எனக்கு எழுந்திருக்க முடியாத ஒரு காரணம் இருந்தது. அந்தக் கணினியில் "பழைய பில்" என்று ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர், உண்டு. அதில் பில் ஒன்றுமில்லை. ஏழு வருடமாக நான் யாருக்கும் தெரியாமல் எழுதிவந்த நாவல் இருந்தது. அதை அந்த அம்மாள் கண்ணில் காட்டுவதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று நினைத்தேன்.

"எல்லாம் சர்வர்ல இருக்குக்கா" என்று புளுகினேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளில், செய்யாதே என்று அவர் சொன்ன அத்தனையையும் செய்தேன். உறைந்து நின்றபோதெல்லாம் அணைத்து அணைத்துப் போட்டேன். இணையத்தில் கிடைத்த ஏதோ ரிப்பேர் மென்பொருளை இறக்கி ஓட்டினேன். பக்கவாட்டில் இரண்டு அறையும் விட்டேன். புதன்கிழமை காலை திரை கறுப்பாகிவிட்டது. மறுநாள் மாலை வரவேண்டிய கப்பலின் சரக்குப் பட்டியலும் உள்ளே மாட்டிக்கொண்டது.

செத்த ஹார்ட் டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ போட்டிருந்தான். நம்பினேன். நாலு ஆணியைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பேன்ட்ரி ஃபிரீசரில் வைத்தேன். எங்கள் மேனேஜர் காதர் பாய் காலையில் பசாரில் வாங்கிய மீனை அங்கேதான் வைப்பார். மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது மீனுக்குப் பதிலாக என் பையைத் தூக்கிவிட்டார்.

"என்னா தம்பி இது, கனமா இருக்கு, செதிலக் காணோம்?"

காப்பி அக்கா வந்து பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"மீனுக்குத்தான் குளிர் நல்லது, தம்பி. இதுக்குள்ள ஈரம் எறங்குனா இருக்கற உசுரும் போயிடும்" என்றார். அதை ஒரு துணியின் மேல் வைத்து, காலைவரை யாரும் தொடக்கூடாது என்று மேசையில் எழுதி ஒட்டினார். அலுவலகமே அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தது.

வியாழக்கிழமை காலை அதைத் தன் கணினியில் ஒரு கேபிளால் மாட்டினார். டக், டக் என்றது. ஆனால் அடைவுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. காதர் பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம்.

"ரொம்ப நேரம் தாங்காது. முதல்ல எது வேணும்? ஒண்ணு சொல்லு."

திரையில் "பழைய பில்" கண்ணுக்கு நேராக இருந்தது. காதர் பாயின் மூச்சு என் தோளில் பட்டது.

"சரக்கு லிஸ்ட்" என்றேன்.

அது முழுசாக வந்தது. காதர் பாய் அல்லாவுக்கு நன்றி சொன்னார். அடுத்த நிமிடம் டிஸ்க் ஒரு தடவை சிணுங்கிவிட்டு அடங்கிப்போனது. அக்கா மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். ஏழு வருடம். யாரிடமும் சொல்லாததால் யாரிடமும் அழவும் முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பினால் என் மேசையில் தீப்பெட்டி அளவில் ஒரு புது டிஸ்க் இருந்தது. "பழைய பில்" அப்படியே அதற்குள் இருந்தது.

"திங்கக்கிழமை நீ சாப்பிடப் போனப்ப எடுத்தேன்" என்றார் காப்பி அக்கா. "சத்தம் கேட்டப்புறம் எனக்குச் சோறு எறங்கல."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீதான் எல்லாம் சர்வர்ல இருக்குன்னு சொன்னியே."

"காலையில எதுக்கு எது வேணும்னு கேட்டீங்க?"

"லிஸ்ட்ட நீ செவ்வாய்க்கெழமைதான் அடிச்ச. அது என்கிட்ட இல்ல. நீ கதையக் கேட்டிருந்தா அது இருக்குன்னு சொல்லியிருப்பேன். நீ ஒழுங்கா லிஸ்ட்டக் கேட்டுட்டுப் படியில போய் உக்காந்துக்கிட்ட. கொஞ்சம் உக்காரட்டும்னு விட்டேன்."

ஒரு மனிதனை மூன்று மணி நேரம் படியில் துக்கம் காக்கவிட்டுத் தான் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டிருக்கிறார். அதைவிட அக்கிரமம், "கதை" என்றார். ஆக, படித்திருக்கிறார். அனுமதி இல்லாமல், முழுசாக.

"காப்பி சரியா வந்திருக்கான்னு தொறந்து பாக்க வேணாமா?" என்றார் கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஆனா தம்பி, உன் கதையில வர்ற பொண்ணு முப்பது பக்கமா ஃபெரிக்குக் காத்துக்கிட்டு நிக்குது. ஏறச் சொல்லு லா. எனக்கே கால் வலிக்குது."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த முப்பது பக்கத்தை நான்காக்கினேன். அவர் சொன்னதற்காக அல்ல. எனக்கே தோன்றியது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். நாவலின் இன்னொரு காப்பி கெலுகோரில் அவர் வீட்டு அலமாரியில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. "ஆபீஸ்ல தீப்புடிச்சா?" என்று கேட்டார்.

போன வருடம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது எழுதியதைக் காப்பாற்றி வைக்க ஆயிரம் வழிகள் இருக்கின்றன. தானாகவே நகலெடுத்துக்கொள்ளும் வசதியும் என் கணினியில் உண்டு. இருந்தாலும் ஓர் அத்தியாயம் முடிந்ததும் அவருக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான் அனுப்புவதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.