துப்பக் கூடாத இடத்தில் ஒரு பரிசோதனை

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் கையடக்கக் கருவி ஒன்று தாராவி மகளிர் முன்னறிதல் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு துளி எச்சில் போதும், வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று அதிகாரி கணேசபாண்டியன் அதை மேசையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்.

தோல்பை தைக்கும் ஆறுமுகத்தாய்க்கு இடது மார்பில் ஒரு கட்டி. ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் பயந்து செத்துக்கொண்டிருந்தவள், பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றாள்.

“இங்கன துப்பட்டுமா ஸார்?”

கணேசபாண்டியன் சுவரைக் காட்டினார். அலுவலக வளாகத்தில் எச்சில் துப்பினால் அபராதம் என்று மூன்று மொழிகளில் பலகை தொங்கியது.

“வெளிய போய்த் துப்புங்கம்மா.”

“மெஷினு உள்ளல்லா இருக்கு?”

“மெஷின் வெளிய வரக் கூடாது. எச்சில் உள்ள துப்பக் கூடாது. ரெண்டுமே ரூல்.”

“அப்பம் எப்பிடி ஸார் பாக்கது?”

“மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டு டப்பா வாங்கிக்கோங்க. சலோ, நெக்ஸ்ட்!”

பரிசோதனைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இலவசம். பின்னால் நின்ற முத்துமாரி, “சீக்கிரம் போடுக்கா, டப்பா தீந்துரும்” என்று முதுகில் இடித்தாள். கட்டியோடு வந்தவள் கட்டியும் டப்பாவுமாகத் திரும்பினாள்.

மாதக் கடைசியில், இருநூறு பரிசோதனை எங்கே என்று மேலிடம் கேட்டது. கையெழுத்து இருநூறு இருந்தது, எச்சில்தான் இல்லை. கணேசபாண்டியன் கடமை தவறாதவர். கதவைச் சாத்திக்கொண்டு, இருநூறு மகளிர் சார்பாகவும் தாமே கருவியில் துப்பினார். கருவி ஒவ்வொரு துளிக்கும் ‘நன்றி’ என்று மட்டும் காட்டியது. முடிவு நேரே மேலிடத்துக்குப் போய்விடும்.

அடுத்த வாரம் இருநூறு வீட்டுக்கும் கடிதம் வந்தது. நோய் அறிகுறி உறுதி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

பெண்கள் அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்கள். ஆறுமுகத்தாய்தான் நிதானமாகக் கேட்டாள்.

“நாங்க ஒருத்தியும் துப்பலியே ஸார். அது யாரு எச்சில்?”

கணேசபாண்டியனின் கை மெல்ல அவர் நெஞ்சுக்குப் போனது.

“ஆம்பளைக்கும் இது வருமாம்மா?”

“எங்க எச்சில் இல்லல்லா? அப்பம் எங்களுக்கு ஒண்ணுமில்ல” என்று முத்துமாரி சிரித்தாள். எல்லோரும் கடிதத்தை மடித்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

ஆறுமுகத்தாய் மட்டும் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. பின்னாலேயே கணேசபாண்டியன் ஓடி வந்தார்.

“என்னையும் கூட்டிட்டுப் போங்கம்மா. எனக்கு லெட்டர்கூட இல்ல.”

“வாங்க ஸார். டப்பா ஒண்ணு எடுத்துக்கிட்டீங்களா? அங்கயும் உள்ள துப்ப விடமாட்டாங்களோ என்னமோ.”

“டப்பாவா?”

“ஆமா ஸார். அன்னைக்கே வெளிய போயி இதுல துப்பி உள்ள கொண்டாந்திருக்கலாம். உங்களுக்கும் தோணல, எங்க இருநூறு பேருக்கும் தோணல.”