உன் அத்தானும் இருபத்து நாலு மணி பத்து நிமிடமும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் வீட்டில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், தொல்லையைத்தான் இங்கே அனுப்பிவிட்டாயே.

உன் அத்தான் ஓய்வு பெற்ற அன்று சி என்ற கணினி மொழிப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாய் அல்லவா, நன்றாக இருப்பாய் நீ. ஆலையில் முப்பத்தெட்டு வருடம் வருகைப் பதிவேடு பார்த்த மனிதர், அதைப் படித்துவிட்டுப் பக்கத்துத் தெருப் பல் டாக்டருக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நோயாளிகளுக்குக் குறித்த ஏ.எம்., பி.எம். நேரத்தை அது இருபத்து நாலு மணிக் கணக்குக்கு மாற்றி, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்து மின்பலகைக்கு அனுப்பும். அவரவர் நேரம் ஆனதும் பலகையில் பேர் வரும், உள்ளே போகலாம். ஆனால் தினமும் நாலு பேருக்குப் பேரே வருவதில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே கிடக்கிறார்கள். "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க சார், இல்லேன்னா பழையபடி நோட்டுலயே எழுதிக்கிறோம்"னு டாக்டர் சொல்லிட்டார். தம்பி, வேலையை விட்ட பிறகு அவரை சார்னு கூப்பிடுற ஒரே இடம் அதுதான். அதுவும் போயிடுமோன்னு மனுஷன் துரும்பா இளைச்சுட்டார், எனக்குப் பார்க்கவே பொறுக்கல.

சும்மா சொல்லக் கூடாது, தேடாத இடமில்லை. கீபோர்டைத் தலைகீழாத் தட்டினார், நான் தூசி துடைச்சதுதான் காரணம்னு ரெண்டு நாள் என்கூடப் பேசல. மணிக்கொரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அப்போ என்ன நேரமோ அதைத் தட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியா வரும். புதன்கிழமை பக்கத்து வீட்டுத் தையற்காரி வீங்கின கன்னத்தோட வந்து, "பேரு வராத நாலு பேருக்கும் பகல் பன்னிரண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுலதான் நேரங்க்கா"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆலைச் சங்கு பழக்கம், பன்னிரண்டு அடிச்சா உன் அத்தான் தட்டு முன்னாடி, அப்புறம் ஒரு மணி வரைக்கும் குறட்டை. பகல் பன்னிரண்டை இந்த வீட்டுல அந்தப் புரோகிராம் கண்ணால பார்த்ததே இல்லடா!

நேரா சொன்னா முகம் சுண்டிப் போயிடும். அதனால மறுநாள், "அடுப்பு எரியல, அரை மணி ஆகும்"னேன். முணுமுணுத்துக்கிட்டே போய் 12:10 பி.எம்.னு தட்டினார். திரையில 24:10. இருபத்து மூணுக்கு அப்புறம் சைபர்தானே, பலகைக்கு இருபத்து நாலாவது மணி ஏது? "அடியே! பி.எம்.னா பன்னிரண்டைக் கூட்டுன்னேன், பன்னிரண்டோடவும் கூட்டி வச்சிருக்கு! கண்டுபிடிச்சுட்டேன்டி!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினார். "எனக்கு இதெல்லாம் எங்கே புரியுது"ன்னேன். நேத்து டாக்டர் எழுந்து நின்னு கை குடுத்தாராம். நீயும் எதையாவது உளறி வச்சுடாதே.

குழந்தைகளுக்கு என் ஆசி. இனிப் பரிசு கொடுப்பதென்றால் சட்டைத் துணி போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு (அத்தான் கையெழுத்தில்): மச்சான், உறையை ஒட்டாமல் என்னிடமே தபாலில் போடக் கொடுத்திருக்கிறாள். அடுப்பு எரியவில்லை என்றாள், சமையல் வாசனையோ கூடம்வரை வந்தது. ஏதோ காட்ட நினைக்கிறாள் என்று புரிந்துதான் போய்த் தட்டினேன். புரோகிராமின் முதல் வரியில் 'பிழையைக் கண்டுபிடித்தவர்: என் மனைவி' என்று எழுதித்தான் டாக்டரிடம் கொடுத்தேன். இரவு பன்னிரண்டு இன்னும் தப்பாக, சைபருக்குப் பதில் பகல் பன்னிரண்டாகத்தான் வருகிறது, அந்த நேரத்தில் யாரும் பல் பிடுங்க வருவதில்லை. இரண்டு நாளாக உங்கள் அக்கா என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்க்கிறாள். சொல்லிவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.