எடுத்த வாடை எங்கே போகும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம் என்று சொல்லிக்கொள்கிறோம். உங்கள் வீட்டம்மாவுக்குத் தீக்காயம் எதுவும் இல்லை, சளி மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று உங்கள் மகன் சொன்னதாக என் மகள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது. சம்பந்தி என்று இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது; சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆகவே இப்போதைக்கு ஐயா.

ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து இரண்டு வருடமாக ஒருவரையொருவர் விரும்பும் இரண்டு பிள்ளைகளின் கல்யாணம் என்னால் நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். என் மனைவிக்கு இதில் சம்மதமில்லை. "நீங்க வாயைத் திறந்தா கெடும், எழுதினா இன்னும் கெடும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அவள் சொல்வது வழக்கமாகச் சரியாகத்தான் இருக்கும்.

அன்று என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். "எண்ணெய் சுத்திகரிப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன், அதுதான் முதல் தப்பு. மீனெண்ணெய், ஐயா. பீப்பாய் பீப்பாயாகப் பழுப்பு நிறத்தில் வந்து இறங்கும், மூடியைத் திறந்தால் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் வாசலுக்கு ஓடிவிடுவார்கள். அதைக் கழுவி, உலர்த்தி, வெளுப்புக் களிமண்ணைக் கலந்து நிறத்தை இழுத்து, துணி மாட்டிய சட்டங்களின் வழியாக வடிகட்டி, கடைசியில் மூன்று மாடி உயரக் கோபுரம் ஒன்றின் உச்சியிலிருந்து வழியவிடுவோம். கோபுரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடியிலிருந்து நீராவியை ஏற்றுவோம், அது எண்ணெயில் இருக்கும் வாடையையெல்லாம் அள்ளிக்கொண்டு மேலே போய்விடும். கீழே வந்து சேர்வது வெளிர் மஞ்சள் எண்ணெய், மோந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, மாத்திரையில் அடைத்துக் கொடுத்தால் குழந்தைகள் முகம் சுளிக்காமல் விழுங்கும். சரி, எடுத்த வாடை எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. அது குளிர்ந்து ஒரு பீப்பாயில் சொட்டும். அந்தப் பீப்பாயை மாற்றுகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக மாற்றுகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் என்மேல் வரும் அந்த வாடை எனக்கே தெரியாது. முதல் வருடத்திலேயே என் மூக்கு கணக்கை முடித்துக்கொண்டது. பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருப்பதை வெகுநாள் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழையோ பனியோ, எங்கள் படுக்கையறைச் சன்னல் திறந்தேதான் இருக்கும், என் மனைவிக்குக் காற்றோட்டம் பிடிக்கும் என்பது அவள் சொன்ன காரணம். என் மகள் ஏழாம் வயதில் பள்ளிக்கூடத்தில் அப்பா படம் வரைந்தாள். நான் நிற்கிறேன், என்னைச் சுற்றிலும் அலை அலையாகக் கோடுகள். நான் ஒளிவீசுவதாக நினைத்துப் பெருமைப்பட்டேன். அதற்கு அடுத்த மாதம் பள்ளி விழாவுக்குக் கிளம்பும்போது அவள் மெதுவாக, "அப்பா, நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்களேன்" என்றாள். நின்று பார்த்தேன். அவள் பாடியது கேட்கவில்லை, வாய் அசைந்தது தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கோடுகள் என்ன என்று எனக்கு விளங்கியது.

ஆகவே நீங்கள் வரப்போகிறீர்கள் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்று மகள் சொன்னாள், மனிதர்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பழகியவர் என்று நானே மேற்கொண்டு கற்பனை செய்து கலங்கினேன். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு அக்கா இருக்கிறார், ஒவ்வொரு தொட்டி எண்ணெயையும் மோந்து பார்த்து வாடைக்கு மார்க் போடுவது அவர் வேலை. ஒன்றுக்குள் இருந்தால் வெளியே போகலாம், மேலே போனால் திரும்பவும் கோபுரத்துக்கு. அவரிடம் போய் கையை நீட்டினேன். முழங்கையில் ஆரம்பித்து ஒரே இழுப்பு இழுத்தவர், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "தம்பி, ஏழு. இன்னும் கூடப் போட்டிருப்பேன், பழகின ஆளாச்சேன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் பதிவேட்டிலும் எழுதி 'மறுபடி ஓட்டவும்' என்ற முத்திரையையும் குத்திவிட்டார்.

சரி, மறுபடி ஓட்டுவோம் என்று நானும் இறங்கினேன். எனக்குத் தெரிந்த வித்தை அதுதானே. முதலில் கரித்தூள். எதில் போட்டாலும் வாடையை உறிஞ்சும் என்பது உண்மை, குளிக்கும் நீரில் கால் கிலோ போட்டு உட்கார்ந்தேன், வாடை போனதோ இல்லையோ, இரண்டு நாள் காதுக்குள் இருந்து கருப்பாக வந்தது, வீட்டில் இருந்த எல்லாத் துண்டும் போனது. அடுத்தது நீராவி. அண்டாவில் வெந்நீர் கொதிக்க, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம். நீராவி என்னிடமிருந்து எடுக்க வேண்டியதை ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறது. ஆனால் வீட்டில் பீப்பாய் வைக்க மறந்துவிட்டேன், எடுத்ததெல்லாம் நேராகத் திரைச்சீலைகளில் போய் உட்கார்ந்துகொண்டது. என் மனைவி திரைச்சீலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாள் நீங்க மட்டும்தான்" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் வரும் நாள் காலையில் கடைசி முயற்சி. வெளுப்புக் களிமண் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தேன். உடம்பெல்லாம் பூசினால் காய்ந்து உதிர்ந்தது. ஒட்டுவதற்காக எங்கள் தொழிற்சாலை எண்ணெயையே, வாடை எடுத்த நல்ல எண்ணெயைத்தான், கொஞ்சம் ஊற்றிக் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் சிலையாக நின்று, பழைய துணிகளால் வழித்தெடுத்தேன். அதற்குள் நாழியாகிவிட்டது, வீடு கூட்டவேண்டும் என்று மனைவி சத்தம் போட, களிமண்ணையும் துணிகளையும் ஒரு சாக்கில் திணித்து, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று சோஃபாவின் பின்னால் தள்ளினேன். எண்ணெய் குடித்த களிமண்ணைக் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறிச் சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும், ஐயா. நெருப்பே வேண்டாம், காற்று போதும். தண்ணீரில் நனைக்காமல் குப்பையில் போடாதே என்று எங்கள் வடிகட்டிக் கூடத்தின் சுவரில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. எழுதியவன் நான். புதிதாக வரும் ஒவ்வொருவரையும் அதன் முன் நிறுத்தி வாசிக்க வைப்பவனும் நான்தான்.

நாலு மணிக்கு மகனையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். நீங்களும் வீட்டம்மாவும் அதே சோஃபாவில் உட்கார்ந்தீர்கள். தேநீர் வந்தது, பேச்சும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கண்ணாடி மாட்டிவிடுவதில் உங்கள் கைராசியைப் பற்றி என் மனைவி கேட்டது உங்களுக்குப் பிடித்திருந்தது என்று பார்த்தேன். அப்போது நீங்கள் சுற்றிலும் பார்த்து, "ஏதோ வாடை வருதே" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் என் உயிர் போய்விட்டது. நாற்காலியை ஓரடி பின்னால் நகர்த்தினேன். "இன்னும் வருதுங்க" என்றார் உங்கள் வீட்டம்மா. சுவர் வரை நகர்ந்தேன். "கூடிக்கிட்டே போகுதே" என்றீர்கள் நீங்கள். இதற்குமேல் என் மகளின் வாழ்க்கையில் விளையாடக்கூடாது என்று எழுந்து, சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போய், மதிலோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டேன். அங்கிருந்து கூட உங்கள் வீட்டம்மா இருமுவது கேட்டது. என்னால் இதற்குமேல் விலக முடியாது, மதில் இருக்கிறதே என்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி "புகை, புகை" என்று கத்தினாள்.

தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பது மட்டும் அப்போது சரியாக நினைவுக்கு வந்தது. ஊற்றிய வாளி நான்கு. அவற்றில் சாக்கின்மேல் விழுந்தது இரண்டு. மற்ற இரண்டும் விழுந்த இடம் உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியும். அவருடைய கைப்பையின் வார் கருகிப்போனதற்கும், நீங்கள் ஒரு காலில் செருப்பில்லாமல் வண்டி ஏறியதற்கும் நான்தான் காரணம். உங்கள் மகன் மட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.

இனி நான் சொல்ல வந்தது. பன்னிரண்டு நாளாக நீங்கள் பதில் சொல்லாததற்குக் காரணம் என் மகள் இல்லை, அவள் அம்மா இல்லை, நான். அப்படியென்றால் வழி சுலபம், என்னைப் பிரித்து வைத்துவிடலாம், பிரிப்பதுதானே எங்கள் பிழைப்பு. கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். அன்று இரண்டு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அவள் அம்மா நின்று நடத்துவாள், யாராவது கேட்டால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகும் உங்கள் வீட்டுக்கு நான் வந்து நிற்க மாட்டேன், பேரப்பிள்ளை பிறந்தால் போட்டோ அனுப்பினால் போதும். யோசித்துத்தான் எழுதுகிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது எனக்குப் புதிதில்லை. என் மகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டம்மாவின் சளி சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் கடையும் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நடக்கட்டும். கைப்பையையும் செருப்பையும் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன், இரண்டையும் என் மனைவிதான் கழுவினாள், நான் தொடவில்லை.

இப்படிக்கு,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: சம்பந்தி, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்து கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். அப்புறம், "அப்பா, செவ்வாக்கிழமையே நாங்க ரெண்டு பேரும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டோம்" என்றாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவள் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேராம். ஏனம்மா இப்படி என்றேன். "அவங்க வீட்ல சரின்னு சொல்றவரைக்கும், நீங்க குளிச்சு முடிக்கிறவரைக்கும் காத்திருந்தா நான் கிழவியாயிடுவேன்பா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண்ணில் தண்ணீர் இருந்தது. உங்கள் மகன் உங்களிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டான், சொல்லப் பயமாக இருக்கிறதாம், அதனால்தான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். அவனைத் திட்டாதீர்கள். நானும் திட்டவில்லை. வரமாட்டேன் என்று மூன்று தாளுக்கு நானேதான் எழுதியிருக்கிறேன், பிறகு எந்த முகத்தோடு திட்டுவது. ஆனால் ஒன்று, சம்பந்தி. நாமாக வராமல் இருப்பது வேறு, நம்மைக் கூப்பிடாமல் இருப்பது வேறு. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும்.