முழுப் பன்றி மரியாதை

பின்தங்கிய கிராமத்து இளைஞர்களைப் படிக்க வைத்து, பயிற்சி கொடுத்து, வேலையில் உட்கார வைப்பது என்று தலைநகர் ஆப்பியாவில் ஒரு மேம்பாட்டு அலுவலகம் முடிவு செய்தது. முடிவு செய்த கையோடு, பின்தங்கிய கிராமம் எங்கே என்று தேடினார்கள். சவாயி தீவின் ஓரத்தில், கப்பல் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் நடந்தும் வரவேண்டிய எங்கள் வைமானு அகப்பட்டது. எங்களுக்கும் பின்னால் போனால் கடல்தான்.

நான் இந்த ஊரின் பேச்சாளர் தலைவன். விருந்தாளி வந்தால் கோலை ஊன்றி, தேங்காய் நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வரவேற்புரை சொல்வது என் பரம்பரை உரிமை. சுருக்கமாகப் பேசினேன் என்று இதுவரை யாரும் என்மேல் பழி சொன்னதில்லை.

ஊரில் தகுதியான பிள்ளை ஒன்று இருந்தது. பெனியமினாவின் மகள் ஃபுவாடினோ. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. எங்கள் ஊர் மருந்தகத்தில் கட்டில் இருக்கிறது, எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது, நர்ஸ் மட்டும் கிடையாது. படித்துவிட்டு அங்கே வந்து உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகவே இரண்டு பன்றிகளையும் ஒரு தாய்ப்பன்றியையும் வளர்த்து வைத்திருந்தாள்.

"பன்றியை வித்தா முதல் வருஷம் தாண்டிடும் பெரியப்பா. உதவித்தொகையும் வந்தா மிச்சமும் முடிஞ்சிடும்" என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அலுவலகம் ஒன்றை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் தேவை மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் தீவில் அதிகாரி என்றால் முழுப் பன்றி. சூடான கல்லில் சுட்டு, முன்னால் வைத்து, உரை சொல்லி, போகும்போது வண்டியிலும் ஏற்றிவிட வேண்டும். டின் மாட்டிறைச்சி கொடுத்து அனுப்பினால் பக்கத்து ஊர்க்காரன் பத்து வருஷம் சிரிப்பான்.

யார் வீட்டுப் பன்றி என்று சபையில் கேள்வி எழுந்தது. நான் கோலை ஊன்றி எழுந்தேன்.

"உதவி எந்த வீட்டுக்கு வருதோ, பன்றியும் அந்த வீட்டிலேருந்துதான் வரணும். அதுதான் நியாயம்."

சபை முழுக்கத் தலையாட்டியது. மற்றவர்கள் வீட்டுப் பன்றியெல்லாம் பிழைத்துப் போச்சே, ஏன் ஆட்டமாட்டார்கள்?

துணை இயக்குநர் செதெஃபனோ வந்தார். நல்ல மனிதர், எதிலும் விதி தவறமாட்டார். "உங்க பொண்ணோட தேவை என்ன?" என்று பெனியமினாவைக் கேட்டார்.

"படிப்புக் கட்டணம் ஐயா."

"அது உங்க விருப்பம். தேவை என்னன்னு நாங்க கண்டுபிடிக்கணும். அதுக்குத்தானே வந்திருக்கோம்."

கண்டுபிடித்தார்களா தெரியாது. பன்றியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்து, கனவுப் பட்டறை. செதெஃபனோ நியூசிலாந்து நிபுணர் அம்மா ஒருவரைக் கூட்டிவந்தார். ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்து, கனவை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். எங்கள் கூட்ட வீட்டுக்குச் சுவர் கிடையாது; தூண்கள்தான். தூணில் ஒட்டினோம். கடல்காற்று ஒரே வீச்சில் ஊரின் கனவையெல்லாம் பெனியமினாவின் பன்றிக் கொட்டிலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஃபுவாடினோ 'நர்ஸ்' என்று எழுதிய காகிதத்தை இரண்டாவது பன்றி தின்றது. மத்தியானம் அந்தப் பன்றியைச் சுட்டோம். நிபுணர் அம்மா மாமிசமே தொடாதவராம்.

"அவங்க பங்கையும் நானே சிரமப்பட்டு எடுத்துக்கறேன்" என்றார் செதெஃபனோ.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு" என்று பெனியமினா என் காதில் முணுமுணுத்தான். சும்மா இரு என்று அவன் தொடையில் கிள்ளினேன். விருந்தாளி காதில் விழுந்தால் என் உரையெல்லாம் என்னத்துக்கு ஆகும்?

பிறகு போனில் நல்ல செய்தி வந்தது. ஃபுவாடினோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு தடங்கல். பன்றி வைத்திருக்கும் குடும்பம் விதிப்படி பின்தங்கிய குடும்பம் ஆகாது. கொட்டில் காலியானதும் நேரில் வந்து சரிபார்த்து, உத்தரவு போட்டுவிடுவார்களாம்.

மிச்சம் இருந்தது தாய்ப்பன்றி ஒன்றுதான். ஃபுவாடினோ கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரிபார்க்க வர்றவருக்கே அதைச் சுட்டுடலாம். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, கொட்டிலும் காலியாச்சு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மூளை நர்ஸாகாமல் வேறு எந்த மூளை ஆகும்?

செதெஃபனோ வந்தார். கொட்டிலுக்குள் குனிந்து பார்த்து, பன்றி இல்லை என்று எழுதிக்கொண்டார். நான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரையைச் சொல்லி முடித்தேன். தாய்ப்பன்றியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அவர் முகம் வாடிப்போச்சு.

"என்ன ஐயா இப்படிப் பண்ணிட்டீங்க. பன்றி இருக்கே."

"அது உங்களுக்கு" என்றேன்.

"எனக்குக் கொடுக்கற வரைக்கும் இவங்களோடதுதானே? கண்ணால பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுதச் சொல்றீங்களா? நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"அப்போ வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள் ஃபுவாடினோ.

"திருப்பிக் கொடுத்தா பன்றி உங்க வீட்டிலேயே இருக்குமேம்மா. தகுதி அடியோட போயிடும்."

"எடுத்துட்டுப் போனா?"

"போனா இல்லைதான். ஆனா, இல்லைங்கறதைச் சரிபார்க்க இன்னொரு தடவை வரணும்."

"அப்போ எதைச் சுடறது? வெறுங்கையால முழம் போடச் சொல்றீங்களா?" என்றான் பெனியமினா.

தாய்ப்பன்றி வண்டி ஏறியது.

படிப்பு தொடங்கும் பிப்ரவரி வந்து போனது. அவளுடைய இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஃபுவாடினோ காலிக் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள், எதற்கென்று தெரியாமல். நான் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

வருஷக் கடைசியில் அலுவலகத்துக்கு ஒரு சங்கடம். திட்டத்தால் ஒருவருக்காவது வேலை கிடைத்திருக்க வேண்டுமாம். ஃபுவாடினோவைக் கூப்பிட்டு, பயிற்சி கொடுத்து, கள வருகை ஒருங்கிணைப்பாளர் என்று அவர்கள் அலுவலகத்திலேயே உட்கார வைத்தார்கள். குழு வருவதை ஊர்களுக்குப் போனில் சொல்லி, வரவேற்பை உறுதி செய்வது அவள் வேலை. தேர்வானது ஒருவர், வேலை பெற்றதும் ஒருவர், ஆகவே திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி என்று அறிக்கை போட்டார்கள். கேக் வெட்டினார்களாம்.

போன வாரம் எனக்கே போன் வந்தது.

"பெரியப்பா, கால் வீக்கம் எப்படி இருக்கு?"

"நர்ஸ் இல்லாத ஊர்ல எப்படிம்மா இருக்கும்? வீங்கித்தான் இருக்கு."

அப்புறம் அலுவலகக் குரலில் சொன்னாள். "உங்க பையன் லேமெகிக்குத் தச்சுப் பயிற்சி கேட்டிருந்தீங்க இல்ல? செவ்வாய்க்கிழமை தேவை மதிப்பீட்டுக் குழு வருது."

லேமெகியிடம் இருப்பது ஒரே பன்றி. உளியும் ரம்பமும் வாங்க வளர்க்கிறான்.

"பன்றி விஷயத்தைச் சபையில பேசி, ஊர்ப் பொதுவுல ஏதாவது ஏற்பாடு..." என்று இழுத்தேன்.

"உதவி எந்த வீட்டுக்கு வருதோ, பன்றியும் அந்த வீட்டிலேருந்துதான். இங்கே இப்போ அதை விதியாவே அச்சடிச்சு வெச்சிருக்காங்க பெரியப்பா. கீழே உங்க பேரும் போட்டிருக்கு" என்றாள்.

எங்கள் கொட்டிலுக்குப் போனேன். லேமெகி பன்றிக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "போன்ல யாருப்பா?" என்று கேட்டான்.

பரம்பரைப் பேச்சாளன் நான். வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.