காணாமல் போன கன்னட எழுத்து

திரையில் பன்னிரண்டு வரி கன்னடம். ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு வெற்றுக் கட்டம். தங்கவேல் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

மேனாம்பேடு அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். கன்னடத்தில் அரை எழுத்துகூடத் தெரியாது. ஆனால் கட்டம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் தன்னிடம் இல்லாத எழுத்துக்குப் பதிலாக ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கும். எத்தனை கல்யாணப் பத்திரிகையில் 'ஸ்ரீ'யை அப்படிப் பறிகொடுத்திருக்கிறார்!

பூந்தமல்லிப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்று கோலாரில் நடத்தும் முகாமுக்கான தாள் இது. நாலு மணிக்கு வேன் வரும். ஆயிரம் பிரதி தயாராக இருக்க வேண்டும். போன மாதம்தான் அதே ஆஸ்பத்திரி நோட்டீஸில் பெரிய டாக்டரைத் தலைகீழாக அச்சடித்திருந்தார். "இன்னொரு தபா இப்டி ஆச்சு, சீட்டக் காலி பண்ணிகினு ஊட்டுக்குப் போயினே இரு" என்று முதலாளி ஜம்புலிங்கம் சொல்லியிருந்தார்.

"மொதலாளி, ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுறலாமா?"

"இன்னாத்தக் கேப்ப? பார்ட்டிகிட்ட சந்தேகம் கேட்டா, இவனுக்குத் தொழில் தெரிலன்னு நெனைப்பான். வேலையப் பாரு!"

தங்கவேல் வேறு எழுத்துருவுக்கு மாற்றினார். கட்டம் அசையவில்லை. இன்னொன்றுக்கு மாற்றினார். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டியது. பதறிப்போய் எதையோ தட்ட, அது அப்படியே பதிவாகிவிட்டது. மெயிலைத் திறந்து மறுபடி இறக்கினார். பன்னிரண்டு கட்டமும் சேதாரமில்லாமல் வந்து நின்றன.

மணி இரண்டு. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மச்சினன் செல்வகுமாருக்கு ஒரு கட்டத்தை மட்டும் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

"மாமா, வெறும் கட்டம்தான கீது?"

"அதான்டா வியாதியே. கன்னடத்துல எந்த எழுத்துக்குடா இப்டி வரும்?"

"பழைய எழுத்து ஒண்ணு கீது மாமா, நம்ம 'ழ' மாதிரி. இப்ப யாரும் எழுதறதில்ல. நெறைய ஃபான்ட்ல கெடையாது. அதுவாத்தான் இருக்கும்."

கம்ப்யூட்டரில் அந்த எழுத்துக்கு உள்ள எண்ணையும் கொடுத்தான். தங்கவேல் எழுத்துப் பட்டியலில் தேடிப் பிடித்தார். பக்கத்தில் இங்கிலீஷில் 'ஃபா' என்று பெயர் போட்டிருந்தது. மறுபடி போனை எடுத்தார்.

"டேய், 'ஃபா'ன்னு போட்டுகீதுடா!"

"மொதல்லயே பேரத் தப்பா ஏத்திட்டாங்க மாமா. எழுத்து 'ழ'தான்."

"தப்புன்னு தெரிஞ்சா திருத்த வேணாமா?"

"ரேஷன் கார்டுன்னா திருத்தலாம். இதுல ஒரு தபா பேரு ஏறிச்சுன்னா ஏறினதுதான். கீழ பொடி எழுத்துல குறிப்பு வெச்சிருப்பாங்க, பாரு மாமா."

குறிப்பு இருந்தது. தங்கவேலுக்குப் பாதி உயிர் திரும்பியது. அந்த எழுத்து உள்ள எழுத்துருவை இறக்கி, பன்னிரண்டு கட்டத்தையும் அழித்து, பன்னிரண்டு இடத்திலும் அதை உட்கார வைத்தார். வரிகள் பருத்து, கடைசி இரண்டும் அடுத்த பக்கத்தில் போய் விழுந்தன. எல்லாவற்றையும் சுருக்கினார். மூன்றரைக்கு மெஷின் ஓடி முடிந்தது.

ஜம்புலிங்கம் ஒரு தாளை எடுத்துப் புருவத்தைச் சுளித்தார்.

"இன்னாபா, எல்லா வரியும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது?"

தங்கவேல் தாள்கட்டைத் தட்டி அடுக்க ஆரம்பித்தார். "மோனையா இருக்கும், மொதலாளி."

"பரவால்லியே! கன்னடத்துலயும் மோனை கீதா?"

வேன் வந்தது. இறங்கிய நர்ஸ் ஆக்னஸ் மேல் தாளை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"பிரிண்டிங் பளிச்சுனு கீதுண்ணா."

தங்கவேல் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

ஆக்னஸ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். முதல் வரியின் தலையில் வைத்தாள். இரண்டாவதற்கு இறக்கினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"ஏண்ணா, பேஷண்டுங்க டிக் அடிக்கிறதுக்குப் பன்னெண்டு கட்டம் வெச்சிருந்தோமே, அது எங்கண்ணா?"