இன்னும் மூன்றே பாயிண்ட்

கரண்ட் போனபோது ஸ்கோர் பதினெட்டுக்கு ஒன்பது. முதல் செட் ஏற்கெனவே மகளுக்கு. இன்னும் மூன்றே பாயிண்ட், மாநில இறகுப்பந்து அணியில் அவளுக்கு இடம். அந்த நேரம் பார்த்துப் புயல் அடித்து அரங்கம் இருண்டால் பெற்றவனுக்குக் கோபம் வருமா, வராதா? அதிலும் இந்த அப்பாவுக்கு 'குக்கர்' என்று பட்டப்பெயர். விசில் மட்டும்தான் வராது.

ஒரு மணி நேரம் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த வாரம் முதலிலிருந்து ஆடட்டும் என்றார் நடுவர்.

"முதல்லேர்ந்தா? அப்ப எம்பொண்ணு எடுத்த பாயிண்ட்டெல்லாம் யார் வீட்டுக்குப் போகும்?"

கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். லைன்மேல் மரம் விழுந்துவிட்டது என்றார்கள். விழுகிற வரைக்கும் என்ன புடுங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அதற்கப்புறம் அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. ஜெனரேட்டரில் சொட்டு டீசல் இல்லை. அதை ஓர் உதை உதைத்ததில் கால் வீங்கியதுதான் மிச்சம்.

வெளிச்சத்துக்காக ஜன்னல்களைத் திறந்துவிட்டார். வெளிச்சத்தோடு மழையும் உள்ளே வந்தது. தரையெல்லாம் ஈரம். சரி என்று தன் காரை வாசல்வரை ஏற்றி ஹெட்லைட்டைப் போட்டார். அது நேராக மகளின் கண்ணில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் பேட்டரி செத்து, கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இப்போது ஆட்டத்தைத் தள்ளிவைத்தாலும் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

"அப்பா, போதும்ப்பா. அடுத்த வாரமே ஆடிக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மகள்.

"நீ வாயை மூடு. உனக்காகத்தான் கத்திட்டிருக்கேன்."

அவள் ஒரு மூலையில் போய், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதாள். அதுவும் அவருக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

எதிராளிப் பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி வந்து, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தார்.

"ஒரு விஷயமும் வேணாம்மா. தள்ளிவைக்கற பேச்சே எடுக்காதீங்க. இன்னிக்கு ஆடியே ஆகணும்."

அந்த அம்மா திரும்பிப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் முடிகிற சமயத்தில் கரண்ட் வந்தது. குக்கரே குனிந்து தரையைத் துடைத்தார். ஆட்டம் தொடர்ந்தது. மகளுக்கோ அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அடித்ததெல்லாம் வலையில் போய் விழுந்தது. அந்த செட் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

யாரைத் திட்டலாம் என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தபோது, அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி எதிரே வந்து நின்றார்.

"ரொம்ப நன்றிங்க. கரண்ட் போனப்பவே இருட்டுல எம்பொண்ணுக்குக் கால் பிசகிடுச்சு, ஆட முடியாது, உங்க பொண்ணே ஜெயிச்சதா வெச்சுக்குங்கன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க விடல. அதுக்கப்புறம் ஐஸ் வெச்சதுல சரியாயிடுச்சு."